மலேசியாவில் செல்ஃப் டிரைவ்: 8 ஊர் போட்டேன்... அப்பாவின் தூக்கத்தைப் போட மறந்துட்டேன்!

என் லேப்டாப்பில் 'மலேசியா ஃபைனல்' என்று ஓர் எக்செல் ஃபைல் இருக்கிறது. 'மலேசியா ஃபைனல் ஃபைனல்', 'மலேசியா ஃபைனல் அம்மா சொன்னது' என்று அதற்கு இரண்டு தங்கச்சிகளும் உண்டு. 7 நாள், 8 ஊர். எத்தனை மணிக்கு எங்கே கிளம்புவது, எங்கே சாப்பிடுவது, எங்கே போட்டோ எடுப்பது என்று மஞ்சள், பச்சை, ஊதாவில் கட்டம் கட்டமாக இருக்கும். ஆபீஸில் காட்டியபோது, "வேலையை விட்டுட்டு டிராவல்ஸ் ஆரம்பிச்சுடு" என்றார்கள். எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் தோன்றியது.

அந்த ஃபைலில் எல்லாமே இருந்தது. காரை ஓட்டப்போகிற மனுஷன் எப்போது தூங்குவார் என்பது மட்டும் இல்லை.

லீவுக்கு வெளிநாடு போய் அங்கேயே காரை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு சுற்றுவது இப்போது நம்மூரில் பலருக்கு ஆசையாக இருக்கிறது. மலேசியா அதற்குத் தோதான நாடு. நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், சாலைகள் அருமை, சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. அதனால்தான் நானும் துணிந்தேன். நான் செய்த தப்பையும், தப்பிப்போய் சரியாகச் செய்த சிலவற்றையும் இந்த வாரம் சொல்கிறேன்.

டூர் பஸ் போகாத ஊர்

முதலில், எதற்காகக் கார் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாச்சிக்கு 78 வயது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அக்கா கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறி மலாயா போனபோது அம்மாச்சிக்கு 8 வயது. பெரிய அம்மாச்சி அதன்பிறகு இரண்டே தடவைதான் ஊருக்கு வந்தார். 2009-ல் அங்கேயே இறந்துபோனார். சாவுக்கும் போக முடியவில்லை. "எங்க அக்கா இருந்த வீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வந்துடணும்டி" என்பது அம்மாச்சியின் ரொம்ப நாள் ஆசை.

அந்த வீடு இருப்பது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில். ஈப்போவிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். டூர் பேக்கேஜ் போடுகிற யாரிடம் கேட்டாலும் பத்துமலை, கெந்திங், புத்ராஜெயா என்று ஒரே பாட்டுதான். சுங்கை சிப்புட் என்றால், "அங்க என்ன மேடம் இருக்கு?" என்றார்கள். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு நல்ல ரயில் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அம்மாச்சியின் முழங்கால், அக்கா மகளான 7 வயதுப் பாப்பா, ஆறு பேரின் பெட்டிகள்... கார்தான் என்று முடிவு செய்தோம்.

அப்பா, அம்மா, அம்மாச்சி, அக்கா, பாப்பா, நான். அத்தானும் வருவதாக இருந்தது. கிளம்ப 12 நாள் இருக்கும்போது அவருக்கு ஆபீஸில் லீவு கேன்சல் ஆகிவிட்டது. இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

அந்த 12 கிலோமீட்டர்

திருச்சியிலிருந்து ராத்திரி ஃப்ளைட். விலை குறைவு, ஒரு ராத்திரி ஹோட்டல் காசும் மிச்சம் என்று நானே தேர்ந்தெடுத்தது. கோலாலம்பூரில் இறங்கும்போது அங்கே காலை 5:40. அவர்கள் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. நம் உடம்புக்கு அப்போது 3:10 தான். இமிக்ரேஷன் முடித்து, ஏழரைக்குக் காரை வாங்கி, கோலாலம்பூர் காலை நெரிசலில் ஊர்ந்து, பத்துமலை போய்ச் சேர்ந்தோம். 272 படி. அப்பாவும் ஏறி இறங்கினார். அம்மாச்சி மட்டும் கீழேயே, 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் வாழை இலைச் சாப்பாடு. ரசம் வரைக்கும் ஒரு கை பார்த்துவிட்டு, 12 மணிக்கு ஈப்போ நோக்கிக் கிளம்பினோம்.

எக்செல்படி எல்லாமே பச்சைக் கட்டம்.

மலேசியாவின் வடக்கு-தெற்கு விரைவுச்சாலை தாய்லாந்து எல்லையில் தொடங்கி ஜொகூர் பாரு வரை சுமார் 770 கிலோமீட்டர். 1994-ல் முழுசாகத் திறந்தது. வழுக்கிக்கொண்டு போகும். ஆடு, மாடு, எதிரில் வருகிற டிராக்டர் எதுவும் கிடையாது. இருபுறமும் செம்பனை மரங்கள், ஒரே மாதிரி, வரிசை வரிசையாக. நம்மூர் ரோட்டில் தூக்கம் வராததற்குக் காரணமே அந்த ரோடுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

பிடோர் போர்டைத் தாண்டும்போது மணி 2. மழை பிடித்துக்கொண்டது. பின்சீட்டில் எல்லோரும் தூக்கம். நானும் முன்சீட்டில் கண்ணசந்திருந்தேன். திடீரென்று 'டர்ர்ர்' என்று ஒரு சத்தம். ஓரத்து வெள்ளைக்கோட்டின் மேல் டயர் ஏறியிருந்தது. நான் திரும்பிப் பார்க்கும்போது அப்பாவின் தலை நிமிர்கிறது. கார் வலப்பக்கம் வெட்டி, மறுபடி நேரானது. பக்கத்து லேனில் வந்த லாரி நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

பின்னாலிருந்து அம்மாச்சியின் குரல். "மாப்பிள்ளை, போதும். நிறுத்துங்க."

முப்பது வருஷத்தில் அம்மாச்சி அப்பாவிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை எதிரில் உட்காரக்கூட யோசிப்பவர்.

ஆனால் நிறுத்த முடியாது. விரைவுச்சாலையின் ஓரத்தில் இருப்பது அவசர லேன். மழையில் பார்வை மறைக்கிற நேரத்தில் அங்கே நிற்பது ஓட்டுவதைவிட ஆபத்து. அடுத்த ஓய்விடம் தாப்பா, 12 கிலோமீட்டர். காரில் லைசென்ஸ் வைத்திருக்கிற இன்னொரு ஆள் நான். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் ஓட்ட அனுமதி இல்லை. அதற்கு வருகிறேன்.

அந்த 12 கிலோமீட்டரும் இடது லேனில், 70-ல் போனோம். நான் அப்பாவிடம் பேசிக்கொண்டே வந்தேன். அவருடைய முதல் வண்டி பஜாஜ் சேத்தக். அதை யாரிடம் வாங்கினார், எவ்வளவுக்கு வாங்கினார், அம்மாவைப் பெண் பார்க்க அதில் வந்தபோது எங்கே பஞ்சர் ஆனது... எனக்கு மனப்பாடமான கதைகள்தான். ஒவ்வொன்றையும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டேன். தாப்பா ஓய்விடத்தில் காரை நிறுத்தியதும் அப்பா சீட்டைச் சாய்த்தார். அடுத்த நிமிடமே குறட்டை. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு டாய்லெட் பக்கம் போன அக்கா, திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். கண் மட்டும் சிவப்பு.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அப்பா முந்தைய நாள் காலை ஐந்தரைக்கு எழுந்து, கடை திறந்து, ராத்திரி நேராக ஏர்போர்ட் வந்தவர். ஃப்ளைட்டில் ஒன்றரை மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். மலேசியாவில் மதியம் 2 என்பது இந்தியாவில் காலை பதினொன்றரை. மொத்தம் 30 மணி நேரம். 58 வயது, சுகர் மாத்திரை, வயிறு நிறையச் சாப்பாடு. இப்படி ஒரு டிரைவரை நான் வாடகைக் காரில் பார்த்தால் இறங்கியே போயிருப்பேன்.

அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது

"திருச்சி-சென்னை ஒரே மூச்சுல வர்றவன் நான்" என்பது அப்பா எப்போதும் சொல்வது. பெரும்பாலான வீடுகளில் அப்பாக்களிடம் இந்த வசனம் இருக்கும். நாம் அதை நம்பித்தான் பிளான் போடுகிறோம். அதில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஒரு டிரைவர் போதும் என்றால் செலவு குறையும், சிரமம் குறையும்.

அத்தான் வரவில்லை என்று தெரிந்தபோது என் கையில் 12 நாள் இருந்தது. இரண்டு வருஷமாக என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. வார இறுதியில் ஓட்டவும் செய்கிறேன். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டுக்கு நான் விண்ணப்பித்திருக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். கார் கம்பெனியில் இரண்டாவது டிரைவராகப் பெயர் சேர்க்க இன்னும் கொஞ்சம். "எதுக்கும்மா அனாவசியமா" என்றார் அப்பா. எனக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் அலைச்சல் வேண்டாமே என்றிருந்தது. விட்டுவிட்டேன்.

அந்த பெர்மிட்டை நம் ஊரில்தான் வாங்க முடியும். மலேசியாவில் இறங்கியபிறகு எவ்வளவு காசு கொடுத்தாலும் கிடைக்காது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத ஆள் ஸ்டீயரிங்கைத் தொட்டு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கைவிரித்துவிடும். அதனால்தான் அந்த மழையில், ஓட்டத் தெரிந்தும், பக்கத்தில் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. பரிவாகன் இணையதளத்தில் சாரதி பக்கத்தில் விண்ணப்பம் இருக்கிறது. லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா தேவைப்படும் நாடாக இருந்தால் அதன் நகல் வேண்டும். ஒரு வருஷம் செல்லும். கூகுளில் தேடினால், 'பத்தே நிமிடத்தில் இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று சில தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அவர்கள் அனுப்புவது வெறும் அட்டை, அதற்கு மதிப்பு கிடையாது. வெளிநாட்டில் ஓட்டும்போது பெர்மிட்டோடு நம் ஒரிஜினல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ஒன்று இருந்து ஒன்று இல்லையென்றால் பிரயோஜனமில்லை.

இதே பெர்மிட் எல்லா நாட்டிலும் செல்லும் என்றும் நினைத்துவிடாதீர்கள். இலங்கையில் இது மட்டும் போதாது, அந்த நாட்டிலும் தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டும். வியட்நாமில் நம்முடையது செல்லவே செல்லாது. இந்தியா கையெழுத்திட்டிருப்பது 1949 ஒப்பந்தத்தில், வியட்நாம் இருப்பது 1968 ஒப்பந்தத்தில். போதாததற்கு அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும். 'எல்லாரும் ஓட்டுறாங்களே' என்று யூடியூபில் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

ஹோட்டல் லெட்டர்பேடில் புதுப் பிளான்

அன்று சாயங்காலம் ஈப்போ போய்ச் சேர்ந்ததும் அப்பா 12 மணி நேரம் தூங்கினார். நான் ஹோட்டல் லெட்டர்பேடில் புதுசாக எழுதினேன். மலாக்கா அவுட். கெந்திங் அவுட். மலாக்கா ஹோட்டல் காசு திரும்ப வராது, போகட்டும். ஈப்போவில் 3 ராத்திரி, பினாங்கில் 2, கடைசியாக கோலாலம்பூரில் 1. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. முடிந்தவரை மதியம் 2 மணிக்குள் ஸ்டீயரிங்கை விட்டுவிட வேண்டும்.

அந்த 2 மணிக்குக் காரணம் மழை. மலேசியாவின் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரையிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். அரை மணியில் விட்டுவிடலாம், மூன்று மணி நேரமும் பிடிக்கலாம். காலையில் வானத்தைப் பார்த்தால் அப்படி ஒரு மழை வரும் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். நம் பிள்ளைகளுக்குக் கோடை லீவு விடுவது சரியாக இந்த நேரத்தில்தான். டிசம்பர் லீவில் போகிறவர்கள் கிழக்குக் கரைப் பக்கம் தலைவைக்க வேண்டாம். கிளந்தான், திரெங்கானு, பஹாங் எல்லாம் அப்போது வடகிழக்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும், வெள்ளமும் வரும். மேற்குக் கரை பரவாயில்லை. நோன்புப் பெருநாள் சமயத்தில் பாதி நாடே சொந்த ஊருக்குக் கிளம்பும். அந்த வாரம் இந்த விரைவுச்சாலை நம் தீபாவளிக்கு முந்தைய நாள் தாம்பரம் மாதிரி இருக்கும்.

இறங்கிய அன்று கார் எடுக்காதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில் ஹோட்டலுக்குப் போய்த் தூங்குங்கள். மறுநாள் காலையில் காரை வாங்கிக்கொள்ளலாம். ஒரு நாள் வாடகையும் மிச்சம்.

கார் வாங்கும்போது

ஏழு சீட் கார் என்றால் ஏழு பேர் உட்காரலாம், அல்லது பெட்டி வைக்கலாம். இரண்டும் முடியாது. நாங்கள் எடுத்தது பெரோடுவா அல்சா. அங்கே வீட்டுக்கு வீடு நிற்கிற வண்டி. மூன்றாவது வரிசையை நிமிர்த்தினால் பின்னால் இரண்டு சின்னப் பெட்டிக்குத்தான் இடம். ஒரு பெரிய பெட்டி ஏழு நாளும் அக்காவின் கால்மாட்டிலேயே பயணம் செய்தது. ஆறு பேர் என்றால் பெட்டிகளைத் தரையில் அடுக்கி அளந்து பார்த்துவிட்டு கார் புக் பண்ணுங்கள்.

டெபாசிட்டுக்கு டிரைவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்பார்கள். அப்பாவிடம் இருந்தது டெபிட் கார்டு. கவுன்டரில் 40 நிமிடம் போனது. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவைத்தால்தான் அதுவும் வேலை செய்யும். காரை எடுக்குமுன் சுற்றிலும் வீடியோ எடுங்கள். கூரை, கண்ணாடி, டயர் எல்லாம் வரட்டும். எங்கள் காரின் பின் பம்பரில் ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டி, திருப்பிக் கொடுக்கும்போது ஒருவர் பேச்சை ஆரம்பித்தார். வீடியோவைக் காட்டியதும் புன்னகையோடு முடித்துக்கொண்டார்.

குழந்தை சீட் 2020-லிருந்து அங்கே கட்டாயம். பாப்பாவுக்கு பூஸ்டர் சீட் முன்கூட்டியே சொல்லிவைத்தோம். பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும். அம்மாச்சிக்கு அது பிடிக்கவே இல்லை. பிடோருக்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஆட்டோமேட்டிக் கியர் புதுசு. இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை மிதிக்கும். வண்டி குத்துக்கல்லாக நிற்கும், எல்லோரும் முன்னால் சாய்வோம். ஊரிலேயே யாருடைய ஆட்டோமேட்டிக் காரிலாவது இரண்டு மணி நேரம் ஓட்டிப் பழகிவிட்டு வந்திருக்கலாம்.

பாப்பா படித்த போர்டுகள்

மலாய் மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள் என்பதால் பாப்பாவுக்கு அந்த நாடு முழுக்கப் பாடப்புத்தகம். ஒவ்வொரு போர்டாக எழுத்துக்கூட்டினாள். 'கெலுவார்' என்றால் வெளியேறும் வழி. 'அவாஸ்' கவனம். 'குராங்கான் லாஜு' வேகத்தைக் குறை. 'உத்தாரா' வடக்கு, 'செலாத்தான்' தெற்கு. 'பூசாட் பண்டார்' என்றால் ஊரின் மையம். 'லென்சோங்கான்' மாற்றுப்பாதை. 'தண்டாஸ்' கழிப்பறை, இதுதான் அம்மாச்சி முதலில் கற்றுக்கொண்டது. இரண்டாம் நாள் பாப்பா கத்தினாள், "சித்தி, இங்க கடையைக் 'கெடாய்'னு எழுதியிருக்காங்க!" கடைதான் கெடாய். கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்'. எல்லாம் நம்மிடமிருந்து போன சொற்கள். இந்தப் பத்துப் பதினைந்து வார்த்தைகளைக் கிளம்புமுன் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். முன்சீட்டில் மேப் பார்ப்பவருக்கு வேலை பாதியாகும், பின்சீட்டுச் சண்டை முக்கால்வாசியாகும்.

டோலில் காசு வாங்குவதில்லை. 'டச் என் கோ' அட்டை வேண்டும். பெட்ரோல் பங்க்கில், ஓய்விடக் கடைகளில் கிடைக்கும், அங்கேயே பணமும் ஏற்றிக்கொள்ளலாம். நுழையும்போது எந்த அட்டையைக் காட்டினீர்களோ, வெளியேறும்போதும் அதே அட்டை. பேலன்ஸ் இல்லாமல் டோல் வாசலில் நின்றால் பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிக்க மாட்டார்கள். சும்மா பார்ப்பார்கள். அது இன்னும் கஷ்டம்.

பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே கவுன்டரில் முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு வந்து போட வேண்டும். மலேசியாவில் பெட்ரோல் அடிமாட்டு விலை என்று உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். 2025 செப்டம்பர் கடைசியிலிருந்து ரான் 95 பெட்ரோலின் மானிய விலை அந்நாட்டுக் குடிமக்களின் அடையாள அட்டைக்குத்தான். நாம் சந்தை விலை கொடுக்க வேண்டும். அதற்கேற்ப பட்ஜெட் போடுங்கள். விரைவுச்சாலையில் வேகம் 110-க்கு மேல் போகக்கூடாது, சில இடங்களில் அதுவும் குறையும், கேமரா உண்டு. அபராதம் வந்தால் கார் கம்பெனி உங்களைத் தேடி வரும்.

இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரை விசா வேண்டாம். இந்தச் சலுகையை அவ்வப்போது நீட்டிக்கிறார்கள் என்பதால் டிக்கெட் போடுமுன் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இறங்குவதற்கு முந்தைய 3 நாள்களுக்குள் டிஜிட்டல் வருகைப் படிவம் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

சுங்கை சிப்புட்

மூன்றாம் நாள் காலை. விரைவுச்சாலையில் ஏறாமல், செம்மோர் வழியாகப் பழைய சாலையிலேயே போனோம். முக்கால் மணி நேரம். அப்பா நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். அம்மாச்சி முன்சீட்டில். வழியில் தெரிந்த சுண்ணாம்புப் பாறை மலைகளைப் பார்த்து, "நம்ம குடுமியான்மலை மாதிரி இருக்கு" என்றார். குடுமியான்மலை அந்தப் பாறைக்குப் பக்கத்தில் பிள்ளையார் சைஸ். ஆனால் அம்மாச்சிக்கு அப்படித்தான் பட்டது.

பெரியம்மா வாசலிலேயே நின்றிருந்தார். "பசியாறிட்டீங்களா?" என்பதுதான் முதல் வார்த்தை. அந்த ஊர்த் தமிழில் காலைச் சாப்பாடு பசியாறல், கார் 'காடி'. உள்ளே ஹாலில் பெரிய அம்மாச்சியின் படம். அம்மாச்சி அதற்கு நேர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தவர் சாயங்காலம் வரை அந்த நாற்காலியை மாற்றவில்லை. பெரியம்மாதான் பேசிக்கொண்டே இருந்தார். அம்மாச்சி, "அப்படியா... அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்கா பால்மரம் சீவிய தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார் அம்மாச்சி. போனோம். ரப்பர் போய் செம்பனை வந்து வருஷக்கணக்காகிறது. லயன் வீடுகள் இருந்த இடத்தில் ஒரு மாரியம்மன் கோயில் மட்டும் இருந்தது. அம்மாச்சி இறங்கி, கோயில் வாசலில் நின்று, கொஞ்சம் மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம், "போலாம்" என்றார்.

எக்செல்லில் அதற்குக் கட்டம் போட்டிருந்தது 45 நிமிடம். பினாங்குக்கு அன்றே ஓட வேண்டும் என்று.

கேமரன் மலைக்கு மறுநாள் பெரியம்மா மகன் அண்ணனே தன் வண்டியில் கூட்டிப்போனார். நாங்கள் தாப்பா வழியை யோசித்திருந்தோம். சுமார் 60 கிலோமீட்டரும் வளைவுதான், வாந்தி நிச்சயம் என்றார். சிம்பாங் பூலாய் வழி அகலம், வளைவும் குறைவு. இறங்கும்போது அண்ணன் கியரைக் கீழே போட்டுக்கொண்டு, பிரேக்கை விட்டு விட்டுத்தான் மிதித்தார். அப்பா பக்கத்து சீட்டிலிருந்து அதைக் கவனித்துக்கொண்டே வந்தார். ஆட்டோமேட்டிக்கில் அப்படிச் செய்யலாம் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அந்த மலையை எங்கள் காரில், அப்பா தனியாக, பிரேக்கை மிதித்தபடியே இறங்கியிருந்தால் என்று நினைத்துப் பார்க்க வேண்டாம் என்றிருந்தது.

பினாங்கு நன்றாக இருந்தது. 13.5 கிலோமீட்டர் கடல் பாலத்தில் பாப்பா தூங்கிவிட்டாள், எழுப்பவில்லை என்று இன்னும் கோபம். திரும்பும் நாள்தான் நீளமானது, கோலாலம்பூருக்கு சுமார் 350 கிலோமீட்டர். மூன்று மணி நேரக் கணக்கு அங்கே உதைத்தது. அதனால் காலை 7 மணிக்கே கிளம்பி, இரண்டு ஓய்விடங்களில் அரை அரை மணி நேரம் நிறுத்தி, ஒரு மணி வாக்கில் போய்ச் சேர்ந்தோம். இரண்டாவது ஓய்விடத்தில் அப்பாவே சொன்னார், "கொஞ்சம் கண்ணை மூடிக்கிறேன். இருபது நிமிஷத்துல எழுப்பு." ஒரே மூச்சு வசனம் வரவில்லை.

ஊருக்கு வந்த மறுவாரம் லீவில் திருச்சி போயிருந்தேன். காலையில் அப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் என் பாஸ்போர்ட் நகல், லைசென்ஸ் நகல்.

"எங்கப்பா?"

"ஆர்.டி.ஓ. ஆபீஸ். வா, ஆன்லைன்ல அப்ளிகேஷன் போட்டுட்டேன், ஆயிரம் ரூபா கட்டியாச்சு."

கார் சாவியை என்னிடம் நீட்டிவிட்டு, அவர் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.